ஸ்டோரி ரெடியா? தட்டிப் பார்த்துட்டு கோடிங் தொடங்குங்க

மண்பானை வாங்கப் போனால் நம்ம வீட்டுப் பெரியவர்கள் காசு கொடுக்கும் முன் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கணீர்னு சத்தம் வந்தால்தான் எடுப்பார்கள். மொத்தையாகக் கேட்டால் அப்படியே கீழே வைத்துவிடுவார்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடும். யூசர் ஸ்டோரியையும் இப்படித் தட்டிப் பார்த்த பிறகே டெவலப்மென்ட்டுக்கு எடுக்கணும். ஐ.டி. கம்பெனிகளில் இதற்கு 'டெஃபனிஷன் ஆஃப் ரெடி' என்று பெயர். ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் 'டெஃபனிஷன் ஆஃப் டன்' என்பதோடு சேர்த்துக் கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் இன்டர்வியூவுக்கு முன்னாடியே, உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டிலேயே இது தேவைப்படும்.

ஓர் உதாரணத்தை வைத்தே பேசலாம். ஹாஸ்டல் அவுட்பாஸ் ஆப். டைட்டிலைக் கேட்டதும் சிரிக்காதீங்க, உங்க டிபார்ட்மென்ட்டிலேயே யாராவது ஒரு டீம் இதைச் செய்துகொண்டிருக்கும். முதல் ஸ்டோரியை இப்படி எழுதுகிறார்கள்: 'ஹாஸ்டல் மாணவியாகிய நான் மொபைலிலேயே அவுட்பாஸ் கேட்க வேண்டும், வார்டன் அறை வாசலில் காத்திருக்காமல் இருப்பதற்காக.' யாருக்கு, என்ன, எதற்கு என்று மூன்றும் இருக்கிறது. இந்த மூன்று பகுதி வடிவம் 2001 வாக்கில் பிரிட்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் பிறந்தது. பார்க்க கச்சிதமாக இருக்கிறதே, எடுத்துடலாமா?

கொஞ்சம் பொறுங்க. டீமில் நாலு பேர் இருந்தால் நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்க. ஒருத்தர், "ஃபார்ம் போட்டு டேட்டாபேஸில் சேவ் பண்ணணும், அவ்ளோதான்" என்பார். இன்னொருத்தர், "அப்பா அம்மாவுக்கு ஓ.டி.பி. போகணும்ல?" என்பார். மூன்றாமவர் மனதில் கேட்டில் ஸ்கேன் செய்யும் க்யூ.ஆர். கோடு ஓடிக்கொண்டிருக்கும். நாலாமவர் லாகின் ஸ்க்ரீனுக்குக் கலர் தேடிக்கொண்டிருப்பார். கார்டு ஒன்றுதான், ஆனால் தலைக்குள் நாலு ஆப்.

எக்ஸ்ட்ரீம் ப்ரோகிராமிங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் 2001-இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஸ்டோரி என்பது கார்டு, உரையாடல், உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. பெரும்பாலான மாணவர் டீம்கள் முதலாவதோடு நிறுத்திவிடும். (ஜிரா போர்டில் கார்டை இடமிருந்து வலம் இழுப்பதை மட்டும் அஜைல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கை தூக்குங்க!)

தட்டிப் பார்க்க ஒரே ஒரு கேள்விதான் வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்: "இது முடிஞ்சதுன்னு எதை வைச்சு சொல்வோம்?" பதிலை உதாரணமாகச் சொல்லிப் பாருங்க. வெள்ளிக்கிழமை மாலை 4 மணி. ஒரு மாணவி அவுட்பாஸ் கேட்கிறாள். ஊருக்கு பஸ் 6 மணிக்கு. அன்று வார்டன் லீவு. இப்போ ஆப் என்ன செய்யணும்? துணை வார்டனுக்குப் போகுமா, அப்படியே தொங்குமா? எவ்வளவு நேரம் தொங்கும்? பெற்றோர் போன் ஸ்விட்ச் ஆஃப் என்றால்? அனுமதி கொடுத்த பிறகு வார்டன் ரத்து செய்யலாமா? ஞாயிறு இரவு திரும்ப வேண்டியவள் திங்கள் காலை வந்தால் யாருக்குத் தகவல் போகும்?

இதில் ஒன்றுகூட ஜாவா கேள்வி இல்லை, ரியாக்ட் கேள்வியும் இல்லை. எல்லாமே ஹாஸ்டல் விதி பற்றிய கேள்விகள். பதில் தெரிந்தவர் வார்டன். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்றால் என்ன ஆகும்? ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி 2 மணிக்கு, டீமில் முழித்திருக்கும் ஒரே ஆள் ஒரு இஃப்-எல்ஸ் எழுதுவார். 'பதில் வரவில்லை என்றால் அனுமதி' என்று எழுதினால், யாருக்கும் தெரியாமல் ஒரு மாணவி கேட்டைத் தாண்டிப் போக முடியும். 'பதில் வரவில்லை என்றால் நிராகரி' என்று எழுதினால், பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண் பஸ்ஸை விட்டுவிட்டு ரூமில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டோரியில் யாரும் எடுக்காத முடிவை எல்ஸ் பிளாக் எடுத்துவிடும். ரெடியா என்று பார்ப்பதன் முழுக் காரணமும் இதுதான்.

அதனால் விதிகளை உதாரணங்களாக எழுதி வையுங்க. 'வார்டன் லீவில் இருக்கும்போது, மாணவி அவுட்பாஸ் கேட்டால், கோரிக்கை துணை வார்டனுக்குப் போக வேண்டும்.' இருக்கும் நிலை, நடக்கும் செயல், வர வேண்டிய விளைவு. இந்த வடிவில் எழுதினால் அதையே டெஸ்ட் கேஸாக மாற்றிவிடலாம்.

எழுதுவதற்கு ஒரு ஜாலியான வழியும் இருக்கிறது. மேட் வின் அறிமுகப்படுத்திய எக்ஸாம்பிள் மேப்பிங். நாலு நிற அட்டைகள்: ஸ்டோரிக்கு மஞ்சள், விதிக்கு நீலம், உதாரணத்துக்குப் பச்சை, பதில் தெரியாத கேள்விக்குச் சிவப்பு. ஒரு ஸ்டோரிக்கு 25 நிமிடம் போதும். முடிவில் மேஜையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிவப்பு குவிந்திருந்தால் இன்னும் ரெடி இல்லை. நீலம் குவிந்திருந்தால் ஸ்டோரி ரொம்பப் பெரிசு, உடைக்கணும்.

உடைப்பதில்தான் நம்மாட்கள் சொதப்புவார்கள். 'ஒருத்தர் ஸ்க்ரீன், ஒருத்தர் ஏ.பி.ஐ., ஒருத்தர் டேட்டாபேஸ்' என்று பிரிப்பது வேலைப் பங்கீடாக இருக்கலாம், ஸ்டோரி ஆகாது. மூன்றும் முடியும்வரை வார்டனிடம் காட்ட எதுவுமே இருக்காது. நெடுக்காக வெட்டுங்க: மாணவி கேட்கிறாள், வார்டன் சரி அல்லது முடியாது என்கிறார், மாணவிக்குப் பதில் தெரிகிறது. இது ஒரு ஸ்டோரி. சின்னதுதான், ஆனால் முழுசா ஓடும். பெற்றோர் சம்மதம் அடுத்தது. கேட் ஸ்கேன் அதற்கும் அடுத்தது.

அந்தப் பெற்றோர் சம்மதத்தையே எடுத்துக்கோங்க. ஓ.டி.பி. அனுப்புவது அரை நாள் வேலை மாதிரித் தெரியும். ஆனால் இந்தியாவில் ஆப் வழியாக இப்படி எஸ்.எம்.எஸ். அனுப்ப, டிராய் விதிகளின்படி நிறுவனமாக டி.எல்.டி. தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் மெசேஜ் வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மாணவர் டீம் ஒன்று இதை ஸ்பிரின்ட் நடுவில் கண்டுபிடித்தால் அந்த ஸ்பிரின்ட் அவ்வளவுதான். வெளியே யாரையாவது, எதையாவது நம்பியிருக்கிறோமா என்று முன்னாலேயே பார்ப்பதும் ரெடி சோதனையில் ஒரு பகுதி. இங்கே மாற்று வழி எளிது: முதல் வெர்ஷனில் வார்டனே பெற்றோருக்குப் போன் செய்துவிட்டு ஆப்பில் ஒரு டிக் போடட்டும்.

பில் வேக் 2003-இல் கொடுத்த 'இன்வெஸ்ட்' என்ற ஆறு அம்சப் பட்டியலை சிலபஸில் மனப்பாடம் செய்திருப்பீங்க. தனித்து நிற்பது, சின்னதாக இருப்பது, சோதிக்க முடிவது மூன்றையும் மேலே பார்த்துவிட்டோம். பயன் தருவதும் மதிப்பிட முடிவதும் பெயரிலேயே புரியும். மிச்சமிருக்கும் ஒன்று, பேசி மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருப்பது. பலர் தவறவிடுவது இதைத்தான். ரெடி என்றால் பட்டன் எங்கே, டேபிளில் எத்தனை காலம் என்பதெல்லாம் முடிவாகி, கைடு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அப்படிச் செய்தால் வாட்டர்ஃபால் மாடலையே பெயர் மாற்றிக் கூட்டிவந்த கதைதான். 2020-இல் வந்த ஸ்க்ரம் கைடில் 'டெஃபனிஷன் ஆஃப் டன்' இருக்கிறது, 'டெஃபனிஷன் ஆஃப் ரெடி' என்ற சொல்லே இல்லை. ஒரு ஸ்பிரின்ட்டுக்குள் முடிக்கக்கூடியதாக இருந்தால் எடுக்கலாம் என்ற அளவோடு அது விட்டுவிடுகிறது. எனவே இரண்டு சிவப்பு அட்டை மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. அவற்றின் பதில் ஸ்பிரின்ட்டுக்குள் கிடைக்குமா, பதில் மாறினால் கட்டியதை இடிக்க வேண்டிவருமா என்று மட்டும் பாருங்க. பட்டன் நிறம் இடிக்க வைக்காது. வார்டன் லீவில் இருக்கும்போது யார் அனுமதிப்பது என்பது கண்டிப்பாக இடிக்க வைக்கும்.

இந்த வாரமே உங்கள் பேக்லாக்கில் மேலே இருக்கும் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, சிவப்புக் கேள்விகளோடு வார்டன் மேடத்தைப் பார்த்துவிட்டு வாங்க. சாயங்கால அட்டெண்டன்ஸ் நேரத்தில் போகாதீங்க, பதில் கிடைக்காது. திரும்பும் வழியில் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணாவிடமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: க்யூ.ஆர். ஸ்கேன் செய்ய அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?