கண்ணா, ஆட்டத்துக்குக் கிளம்பும் முன்

செம்பாக்கத்தில் பால் காய்ச்சிக் குடியேறிய கையோடு, பிள்ளைகளை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் சென்னையின் எஃப்.சி. ஆட்டம் காட்ட வேண்டும் என்று போனில் சொன்னாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. டிக்கெட், ரயில், சாப்பாடு எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். அதைத் தாண்டிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பத்துப் பதினைந்து பேரோடு கோயில், கடற்கரை, தீவுத்திடல் பொருட்காட்சி என்று அலைந்தவள் நான். அந்த அலைச்சலில் எங்கள் வீடு அடிபட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் மருமகளைக் கேள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம் என்று நீ சொல்லும்போது உனக்கு அது லீவு. அவளுக்கு அது விடியற்காலை எழுந்து புளிசாதம் கிளறுகிற நாளாக ஆகிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் மாமல்லபுரம் போவதென்றால் பெண்கள் மூன்று மணிக்கே அடுப்பங்கரையில் இருப்போம். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆண்களும் பிள்ளைகளும் அலையைப் பார்த்து ஓடுவார்கள். என் மாமியார் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக நிழலில் உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ தடவை மாமல்லபுரம் போயும் அவர் சிற்பம் எதையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. ஒருநாள் என் ஓரகத்தி, "இந்த முறை சாப்பாடு ஓட்டலில். பைகளை ஆம்பிளைங்க பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்து அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தப் பாறையில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள். அதைக் கண்டுபிடித்துவிட்டு மாமியார் வாய்விட்டுச் சிரித்த மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒருவர் உழைக்க, மற்றவர்கள் மகிழ்ந்துவிட்டு வருவதைக் குடும்பத்தோடு போய் வந்தோம் என்று சொல்லாதே. அதனால்தான் கால்பந்து ஆட்டம் என்று நீ சொன்னது எனக்குப் பிடித்தது. அங்கே பரிமாற ஒன்றுமில்லை. தொண்ணூறு நிமிஷம், எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, எல்லோருக்கும் ஒரே பக்கம் பார்வை.

2. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அன்றைக்கு அவர்தான் தலைவர். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னவனுக்குக் கால் குட்டை. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். அங்கே போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் முன்னால் விறுவிறுவென்று போய், "சீக்கிரம் வாங்க, புலி உள்ளே போயிடும்" என்று கத்துவார். பின்னால் வருகிறவர் மனதுக்குள் குறுகிப்போவார். பேட்டரி கார் இருக்கிறது, அதற்குக் காசு கொடு. புலியைப் பார்க்காமல் திரும்பினாலும் மோசமில்லை. (செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போய் மூடிய வாசலில் நிற்காதே.)

3. போகிற வழியையும் பயணத்தில் சேர்த்துக்கொள். காரை எடுக்காதே. சானடோரியம் ஸ்டேஷன் போய் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து பார்க் ஸ்டேஷனில் இறங்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகையைத் தாண்டினால் ஸ்டேடியம். அந்தக் கொஞ்ச தூர நடையில் பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. எங்கள் காலத்தில் அந்தப் பக்கம்தான் மிருகக்காட்சிசாலை, நாங்கள் உயிர்க் காலேஜ் என்போம். பக்கத்திலேயே மூர் மார்க்கெட். 1985-இல் உயிர்க் காலேஜ் வண்டலூருக்குப் போனது, அதே வருஷம் மூர் மார்க்கெட் தீயில் போனது. இப்போது ஸ்டேடியம் நிற்கிற இடத்தில் அன்றைக்குக் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். டெஸ்டில் அந்தத் தொடக்க ஜோடிக் கணக்கை 52 வருஷம் யாராலும் தாண்ட முடியவில்லை. இப்போதிருக்கும் ஸ்டேடியம் 1993-இல் வந்தது. தாங்கள் நடக்கிற மண்ணுக்கு ஒரு கதை உண்டு என்று தெரிந்த பிள்ளை அங்கே குப்பை போடாது. இதை நான் ஆழமாக நம்புகிறேன்.

4. தெரியாததைப் பெரியவளிடம் கேள். ஆஃப்சைடு என்றால் என்ன, எப்போது கார்னர் கொடுக்கிறார்கள், ரெஃப்ரி எதற்கு மஞ்சள் அட்டையை நீட்டினார், இதெல்லாம் பள்ளி மைதானத்தில் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நேரில் ஒரு தரம்தான் நடக்கும். அதிலும் நேரு ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் கொஞ்சம் தள்ளியே தெரிவார்கள். மேல் வரிசையில் உட்கார்ந்தால் முழு மைதானமும் கண்ணுக்குள் வரும், யார் யாருக்கு இடம் விட்டு ஓடுகிறான் என்பது புரியும். அவள் விளக்கட்டும், நீ கேட்டுக்கொள். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்ற பெருமை ஒரு பெண் குழந்தைக்குள் எத்தனை வருஷம் தங்கும் தெரியுமா? மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்று வந்தார்கள். அதையும் அவளிடம் சொல். ஆண்கள் விளையாட்டைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு அவள் அந்தப் படியில் ஏற வேண்டாம்.

5. தொண்டை கிழியக் கத்து, ஆனால் யாரையும் வையாதே. நீல ஜெர்சிக் கூட்டம் மேளம் அடித்துப் பாடும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பது பாவம், நீயும் எழுந்து நில். எதிரணிக்காரனின் நிறத்தையோ முகத்தையோ ஊரையோ சொல்லி ஒருவன் கேலி செய்தால், அந்த இடத்திலேயே, பிள்ளைகள் காதில் விழும்படி, "அது தப்பு" என்று சொல். நம் அணிக்கு வருஷக்கணக்காகக் கோல் அடித்துக் கொடுத்த ஜெஜே லால்பெக்லுவா மிசோரம்காரர். நடுக்களத்தில் நின்று ஆடிய தனபால் கணேஷ் நம் வியாசர்பாடிப் பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒரே கூட்டம்தான் கை தட்டியது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட வந்தால் மஞ்சள் சட்டைக் குடும்பங்களும் வரும். அவர்களில் பாதிப்பேர் உன்னோடு அதே தாம்பரம் ரயிலில் திரும்புகிறவர்களாக இருப்பார்கள். ரயிலில் இடம் விட்டு உட்காருகிற முகத்தோடுதான் கேலரியிலும் உட்கார வேண்டும்.

6. கடைசி விசில் வரை எழுந்திருக்காதே. கூட்டம் நெரியும், ரயில் போய்விடும் என்று எண்பதாவது நிமிஷத்திலேயே பையைத் தோளில் மாட்டுகிறவர்கள் எல்லா ஆட்டத்திலும் உண்டு. அவர்களுக்காக 2015-ஐச் சொல்கிறேன். அந்த டிசம்பர் உனக்கும் மறந்திருக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், செம்பாக்கம் பக்கமெல்லாம் தெருவே தெரியவில்லை. நனைந்த மெத்தையை மொட்டை மாடியில் போட்டுவிட்டு அது எப்போது காயும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதே சமயத்தில்தான் நம் அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. சீசன் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்து, அடுத்தடுத்து ஜெயித்து ஏறி வந்த அணி அது. ஊர் தண்ணீரில் கிடந்ததால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர்க் கூட்டம் இல்லாமலே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம், எதிரணியும் கோவாதான். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அரங்கம் முழுக்க அவர்கள் கொண்டாட்டம். தொண்ணூறாவது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இரண்டு நிமிஷம் கழித்து மெண்டோசா அடித்த கோலில் 3-2. கோப்பை நமக்கு. எங்கள் தெருவில் கரண்ட் திரும்பி வந்தபோது, தப்பிப் பிழைத்திருந்த ஒரே டிவி எதிர் வீட்டில். அந்தக் கோலுக்கு, மழையில் எல்லாம் போனவர்கள்கூட எழுந்து குதித்தார்கள். சேறு நாற்றம் அடிக்கிற அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் சிரித்ததை நான் பார்த்தேன். 2018 மார்ச்சில் பெங்களூருவில் அவர்கள் மண்ணிலேயே முதல் கோல் வாங்கிய பிறகு அதே 3-2 கணக்கில் இரண்டாவது கோப்பை வந்ததையும் சேர்த்துக்கொள். தோற்கும் நேரத்தில் தன்னோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பிள்ளை மறக்காது. பரீட்சையில் மார்க் குறைந்த அன்று பயப்படாமல் உன்னிடம் வந்து நிற்கும்.

7. தோற்றுத் திரும்பும்போது ஆறுதல் சொல்ல அவசரப்படாதே. சின்னவன் அழுதால் அழட்டும். "ஒரு விளையாட்டுதானே" என்று அவனுடைய துக்கத்தைச் சிறியதாக்காதே. எக்மோர் தாண்டுவதற்குள் அவனே பசிக்கிறது என்பான்.

8. ஒரே ஒரு போட்டோ எடு, எல்லோரும் இருக்கிற மாதிரி. எடுக்கிறவர் விட்டுப்போகாமல் இருக்கப் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனைக் கொடு. நம் குடும்பத்துப் பழைய ஆல்பத்தில் எத்தனையோ பயணங்கள் இருக்கின்றன, ஒன்றிலும் உன் தாத்தா இல்லை. காமிராவை வேறு யார் கையிலும் அவர் தந்ததே இல்லை. அதன் பிறகு போன் பைக்குள் போகட்டும்.

9. அங்கே போனால்தான் சந்தோஷம் என்று பிள்ளைகளைப் பழக்காதே. பணம் கையில் இருக்கிற மாதத்தில் ஸ்டேடியம். இல்லாத மாதத்தில் பள்ளிக்கரணை இருக்கிறது. வேளச்சேரி சாலையில் நேரே போனால் வந்துவிடும். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. குளிர்காலக் காலையில் போனால் கூழைக்கடாவும் பூநாரையும் பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால் ஞாயிறு மாலையில் ஏரிப் பக்கம் நடந்து வா, போகிற வழியில் பையன்கள் செருப்பைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து ஆடுவார்கள், கொஞ்ச நேரம் நின்று பார். நல்ல பாஸ் கொடுத்த பையனைக் கூப்பிட்டுப் பாராட்டு. நம் காசு ஏன் செலவாகவில்லை என்று எந்தக் குழந்தையும் கணக்குக் கேட்டதில்லை, அப்பா முகம் ஏன் கடுகடுவென்று இருக்கிறது என்றுதான் கேட்கும். காசில்லை என்றால் காசில்லை என்று சொல். கடன் வாங்கிக் கூட்டிப்போன இடத்தில் அந்த முகத்தை மறைக்க முடியாது.

10. வீட்டுக்கு வந்ததும் அவரவர் அறைக்குப் போகவிடாதே. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் பத்து நிமிஷம் கூடத்தில் உட்காருங்கள். யாருக்கு எது பிடித்தது என்று சின்னவனிலிருந்து தொடங்கிக் கேள். உன் முறை கடைசியில் வரட்டும். நீ முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். மருமகள் சொல்வதைக் கவனமாகக் கேள். அடுத்த முறை எங்கே போவது என்பது அதில்தான் இருக்கும்.

சரி கண்ணா, அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று பார். மருமகளுக்கு அந்த நாள் தோதுப்படுமா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடு. எனக்கும் சேர்த்து எடு. மேல் வரிசையிலேயே எடு, படி ஏற எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும்.