வாடகை கட்டடத்துக்கு, விலையேற்றம் மண்ணுக்கு

தாம்பரம் பக்கம் வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குகிறவர்கள் பலரும் சொல்வது: “வர்ற வாடகைல இஎம்ஐ ஓடிடும் சார்.” ஓடாது. போட்டுப் பார்த்தால் தெரியும்.

முதலில் கைக்கு வரும் வாடகை. புரோக்கர் சொல்லும் தொகையை எழுதாதீர்கள். அதே பிளாக்கில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். கோடையில் தண்ணி லாரிக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். மெயின்டனன்ஸ் எகிறினால் குடி வருகிறவர் அதை வாடகையில்தான் குறைப்பார்.

900 சதுர அடி ஃபிளாட், விலை 60 லட்சம், வாடகை 16,000 என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம் என்று வைத்துச் சேர்த்தால் 65.4 லட்சம். வருஷத்தில் ஒரு மாதம் காலி, பெயின்ட், புரோக்கர் கமிஷன், சொத்து வரி எல்லாம் போக 1.52 லட்சம் நிற்கும். இரண்டேகால் சதவீதம் சொச்சம். 40 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷ இஎம்ஐ சுமார் 34,700. மாதம் 22,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். புதிய வரிமுறையில் இருப்பவர்கள் இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

“பரவாயில்ல, விலை ஏறும்” என்பார்கள். எதன் விலை? தடுக்கி விழும் இடம் இதுதான். கட்டடம் வருஷா வருஷம் தேய்கிறது. ஏறுவது மண் மட்டும். ஃபிளாட்டில் உங்கள் மண் என்பது யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத பாகம். விளம்பரத்தில் அது இருக்காது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாருங்கள். எல்லா வீடுகளின் யுடிஎஸ்ஸையும் கூட்டி, மனைப் பரப்போடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். பில்டர் முகம் மாறினால் கிளம்பிவிடலாம். பிறகு உங்கள் யுடிஎஸ்ஸை அதே தெருவில் விலைக்கு வந்த காலி மனையின் மார்க்கெட் ரேட்டால் பெருக்குங்கள். கைடுலைன் மதிப்பு இங்கே உதவாது.

யுடிஎஸ் 450 சதுர அடி, ரேட் 6,000 என்றால் மண் 27 லட்சம், மீதி 33 லட்சம் செங்கல்லும் சிமென்ட்டும். மண் வருஷம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் 58 லட்சம். கட்டடம் 22 லட்சத்துக்கு இறங்கியிருக்கும். விற்றால் 80. பாக்கிக் கடன் 28 போகக் கையில் 52. நீங்கள் போட்டதோ முதலில் 25.4, மாதாமாதம் போனது 26.4, ஆக 52 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. வாடகை ஏறுவதை நான் சேர்க்கவில்லை. விற்கும்போது லாபத்துக்குக் கட்டும் 12.5 சதவீத வரியையும் சேர்க்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் பத்து வருஷம் வாடகைக்காரரோடு மல்லுக்கட்டியதற்கு இது கூலியே இல்லை.

அதனால் என் விதி: மண்ணின் மதிப்பு விலையில் பாதிக்குக் கீழே இருந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. நீச்சல் குளமும் ஜிம்மும் வைத்த உயரமான டவர்கள் இதிலேயே கழிந்துவிடும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் உள்தெருக்களில் லிஃப்ட் இல்லாத எட்டு வீட்டுப் பழைய அபார்ட்மென்ட்டுகள்தான் என் சாய்ஸ். விலை கம்மி, யுடிஎஸ் அதிகம், ஸ்டேஷன் பக்கம் என்றால் வீடு காலியாகக் கிடக்காது. ஆனால் கட்டட வயதைப் பார்த்து வங்கி கடன் காலத்தைச் சுருக்கும். முன்பணம் கூடுதலாக வேண்டும்.

காலி மனை முழுக்க மண்தான், வாடகை பூஜ்யம். சம்பளம் தாராளமாக இருப்பவர்களுக்கு அது சரி. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் காட்டி விற்பவர்களிடம் மட்டும் உஷார். அது 2023 டிசம்பரிலேயே திறந்தாயிற்று, விலையிலும் ஏறியாயிற்று.

தண்ணீர் ஏறும் தெரு வாடகை, விலையேற்றம் இரண்டையும் கெடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு தெரியும்தானே? தரைத்தளத்தில் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புது பெயின்ட், ப்ளக் பாயின்ட்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மேலே என்றால் காரணம் இருக்கிறது. தெருமுனை அயர்ன்காரரைக் கேளுங்கள், முழங்காலா இடுப்பா என்று சொல்லிவிடுவார். முழங்கால் என்றால் முதல் மாடியைப் பாருங்கள். இடுப்பு என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.