கழுத்தில் கட்டி, காரணம் வீட்டில்

என் மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டியபோது சொத்தைப் பல், பேன், தலைப்புண் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குழந்தைகளுக்கு நெறி கட்டுவது சகஜம். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும், ஆன்டிபயாடிக் கொடுத்தும் வடியாமல், வலியும் இல்லாமல் வளர்கிற கட்டியைத்தான் விடக்கூடாது. அவளுக்கு இருமல் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் அது டிபி, அதாவது காசநோய். கழுத்து டிபி அப்படியும் வரும்.

கையில் போடுகிற மாண்டு ஊசி, கிருமி உடம்புக்குள் போயிருப்பதை மட்டுமே காட்டும். கட்டியிலேயே மெல்லிய ஊசி குத்தி உறிஞ்சிச் சோதிப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு பங்கை ஃபார்மலினில் போடாமல் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்ற இரண்டும் அதில் தெரியும். "கீறி சீழ எடுத்துடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஆறாமல் ஒழுகும் புண்ணாகிவிடக்கூடும்.

கழுத்துக் கட்டி மட்டும் உள்ள குழந்தையிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. பள்ளியில் தனியாக உட்காரவைக்கத் தேவையே இல்லை. இதை நான் எல்லாரிடமும் உரக்கச் சொன்னேன். அவளுக்கு அது வந்தது ஒரு பெரியவரின் இருமலிலிருந்து. "பீடி இருமல்தாம்மா" என்று என் மாமனார் சொல்லிவந்தார். இரவில் அவள் படுப்பது அவர் பக்கத்தில்தான். "பேத்திக்காகவாவது வாங்க மாமா" என்று அழைத்துப்போனேன். சளியில் கிருமி இருந்தது. குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்து, கிருமியைக் கொடுத்தவரைத் தேடாமல் விடுவது பாதி வைத்தியம்.

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். தினமும், ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. குழந்தைகளுக்கென்று தண்ணீரில் கரையும் மாத்திரை உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசின். கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நிறம் பிரித்துச் சொல்லத் தடுமாறினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். மாதாமாதம் எடை பாருங்கள். எடை ஏறினால் மருந்தின் அளவும் மாறும்.

மருந்து நடக்கும்போதே கட்டி பெருத்தது. செத்த கிருமிகளை எதிர்த்து உடம்பு கிளர்வதால் அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். பரிசோதித்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். தொடர்ந்தோம், சுருங்கியது. முடிந்த பிறகும் பட்டாணி அளவில் ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது. அது திரும்பப் பெருக்காதவரை மருந்து வேண்டியதில்லை.