உறுதியும் மண்வெட்டியும்: மனம் புதிதாதல் பற்றி ஒரு பாடம்



வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்தில் கமக்காரக் குடும்பம் ஒன்று கையில் எடுப்பவை சில பொருட்களே: அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக ஓடியபோதும், பலர் மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். விளைந்த வயலை விட்டுவிட்டு வந்தார்கள். உறுதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

உடம்போடு மனமும் இடம்பெயர்கிறது. காணிக்குத் திரும்பியவர்களிடத்திலும், திரும்ப முடியாதவர்களிடத்திலும், மனம் அந்த ஓட்டத்திலேயே நின்றுவிடுவதை நாம் காண்கிறோம். மனம் புதிதாதல் என்று திருமறை சொல்வது எதை? அது எமது வாழ்வில் எப்படி நடக்கும்? குடும்பமாகவோ சிறு குழுவாகவோ இருந்து இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

1. எமது நிலையைப் பார்ப்போம்

இடம்பெயர்ந்த மனத்தில் மூன்று எண்ணங்கள் எளிதில் வேர்விடுகின்றன.

"எல்லாம் ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்" என்பது முதலாவது. இப்படிச் சொல்லிச் சொல்லி ஐந்து வருடம், பத்து வருடம் கழிந்துவிடுகிறது. இருக்கும் இடத்தில் ஒரு முருங்கைத் தடிகூட ஊன்றப்படுவதில்லை. பிள்ளையின் படிப்பும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

"யாராவது தருவார்கள்" என்பது இரண்டாவது. இடருற்ற காலத்தில் நிவாரணம் பெறுவது உரிமை. அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் வரிசையில் நின்று நின்று, தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் பழக்கம் தேய்ந்து போகிறது. நூறு கண்டு மிளகாய் நடவும் வேறொருவரின் சொல்லுக்குக் காத்திருக்கிறோம்.

"எல்லாம் அவர்களால்தான்" என்பது மூன்றாவது. வந்தவர்கள் கிணற்றை வற்றச் செய்கிறார்கள் என்பார் ஊரவர். ஊரவர் வாளி தர மறுக்கிறார்கள் என்பார் வந்தவர். வெளியேறியவரும் ஊரிலேயே தங்கியவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

இவற்றைச் சொல்வது யாரையும் குறைகூறுவதற்காக அல்ல. பல வருடம் அள்ளாமல் கிடந்த கிணற்றில் சருகு விழும், தண்ணீர் நாறும். அது கிணற்றின் குற்றமல்ல. ஊற்றும் செத்துப் போகவில்லை. ஆனாலும் கலக்கி இறைக்காமல் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. மனமும் அப்படித்தான்.

2. எரேமியாவின் கடிதமும் காணியும்

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நெபுகத்னேசர் எருசலேமிலிருந்து மக்களை நாடுகடத்தினான். இரண்டு வருடத்துக்குள் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற போலி இறைவாக்கினர் கூறினார். மக்கள் கேட்க விரும்பியது அதுதான். இறைவாக்கினர் எரேமியாவோ பாபிலோனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் செய்து அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று எழுதினார். திரும்பும் நாள் வரும், ஆனால் அதற்கு 70 ஆண்டுகள் செல்லும் என்றார்.

அப்படியானால் சொந்த ஊரை மறந்துவிடு என்றா எரேமியா சொன்னார்? இல்லை. சில ஆண்டுகளின் பின் பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அந்த நேரத்தில், தமது ஊராகிய அனத்தோத்தில் ஒரு காணியை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் கெடாதிருக்க மண்பானையில் வைக்கும்படி பாரூக்கிடம் சொன்னார். எதிரி கைப்பற்றப் போகும் நிலத்துக்கு உறுதி முடித்தவர் அவர். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதே ஆண்டவர் அவருக்குக் கொடுத்த செய்தி.

ஒரே மனிதர் இரண்டையும் செய்தார். ஊர்க் காணியின் உறுதியைப் பானையில் பாதுகாத்தார். வெளியே இருப்போரைத் தோட்டம் செய்யச் சொன்னார். புதிதான மனத்தின் அடையாளம் இதுவே. அது தன் உரிமையைக் கைவிடாது. காணிக்காக மனுக் கொடுக்கும், நீதி கேட்கும். அதே வேளை, இன்றைய நாளை வீணே கழிய விடாது. உறுதி ஒரு கையில் இருக்க, மறு கையில் மண்வெட்டி இருக்கும்.

3. திரும்பி வந்தவர்களுக்கு ஒரு திருமுகம்

மனம் புதிதாகி உருமாற்றம் அடையும்படி புனித பவுல் கேட்பது உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில். அதை வாசித்தவர்களில் இடம்பெயர்ந்தவர்களும் இருந்தார்கள். ஏறக்குறைய கி.பி. 49இல் கிளவுதியு பேரரசன் யூதர்களை உரோமையை விட்டு வெளியேறக் கட்டளையிட்டான். அப்படி வெளியேறிய அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பவுல் ஏறக்குறைய கி.பி. 57இல் இத்திருமுகத்தை எழுதியபோது, அவர்கள் மீண்டும் உரோமையில் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலேயே திருச்சபை கூடியது.

திரும்பி வந்த யூதக் கிறிஸ்தவர்களுக்கும் அங்கேயே இருந்த மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே உணவு, நாள் முறைகள் பற்றி மனக்கசப்பு இருந்திருக்கலாம் என்று மறைநூல் அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆகவேதான் மனம் புதிதாவதைப் பற்றிச் சொன்ன பவுல், உடனே அன்றாடக் காரியங்களுக்கு வருகிறார்: அவரவர் கொடையைப் பொதுநலனுக்குப் பயன்படுத்துதல், வறியவரோடு பகிர்தல், அந்நியரை வரவேற்றல், பழிவாங்காமை, பசித்த பகைவனுக்கும் உணவளித்தல். புதிதான மனம் கோவிலில் மட்டும் தெரியாது, கிணற்றடியிலும் தெரியும்.

4. யார் செய்யும் வேலை?

பவுல் எழுதிய கிரேக்க மொழியில் அந்தச் சொல் "உருமாற்றப்படுங்கள்" என்ற பொருளில் அமைந்துள்ளது. மாற்றுபவர் இறைவன்; மாற்ற இடங்கொடுப்பவர் நாம். அது ஒரு நாளில் முடியாமல் தொடர்ந்து நடப்பதையும் அச்சொல் காட்டுகிறது. கமக்காரருக்கு இது புதிதல்ல. மழை எமது கையில் இல்லை; வரம்பு கட்டுவது எமது கையில் உண்டு. வரம்பில்லாத வயலில் பெய்த மழை ஓடிவிடும்.

செபம், இறைவார்த்தை, ஒப்புரவு அருட்சாதனம், திருப்பலி என்பன அந்த வரம்புகள். பட்ட துன்பத்தை மறக்கும்படி இவை கேட்பதில்லை. சணலை விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது மண்ணுக்குள் புரட்டினால் அது பசளையாகிறது. வெட்டிக் குவித்து எரித்தால் சாம்பலே மிஞ்சும். எமது துயரத்தையும் இறைவன் முன் கொண்டுவந்து, அழவேண்டியதை அழுது, மண்ணுக்குள் புரட்ட வேண்டும். பிறர் துயரத்தை விளங்கிக்கொள்ளும் மனம் அதிலிருந்து விளையும். இதற்குக் காலம் எடுக்கும். ஒருவருக்கு ஒரு போகத்தில் நடப்பது இன்னொருவருக்குப் பல போகம் எடுக்கலாம். பிள்ளையை இழந்த தாயை அவசரப்படுத்த வேண்டாம், அவரோடு இருங்கள்.

5. கலந்துரையாடலுக்கு

1. மேலே கூறிய மூன்று எண்ணங்களில் எமது குடும்பத்தில் வேரூன்றியிருப்பது எது?
2. "ஊருக்குப் போன பிறகு" என்று நாம் தள்ளிவைத்தவற்றில் இப்போதே தொடங்கக்கூடியது எது?
3. எமது ஊரில் வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே எதில் கசப்பு உண்டு? அதைப் பற்றி முதலில் பேசக்கூடியவர் யார்?

6. செயலுக்கு

இந்தக் காலாண்டில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியங்களைச் செய்யட்டும். காணி உறுதியின் பிரதி ஒன்றை எடுத்து வேறோர் இடத்தில் பாதுகாத்து வையுங்கள். உறுதி தொலைந்தவர்கள் அயலவரோடு சேர்ந்து கிராம அலுவலரிடம் சென்று அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இருக்கும் நிலம் யாருடையதாயினும், உரியவரின் சம்மதத்தோடு பலன்தரும் மரம் ஒன்றை நடுங்கள். நீங்கள் போன பின் அதன் காயை வேறு ஒருவர் உண்டாலும் அது நல்லதே. இரவுச் செபத்தில் ஒவ்வொருவரும், இன்று நான் யாரைப் பற்றிக் கசப்பாக நினைத்தேன் என்று ஆண்டவரிடம் சொல்லி, மறுநாள் அவருக்குச் செய்யக்கூடிய ஒரு சிறிய நன்மையைத் தீர்மானியுங்கள். கிணற்றடியில் வாளியை முதலில் அவரிடம் நீட்டுவதும் போதும்.