வெள்ளம் பார்த்த கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யலாமா?

கேள்வி: திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2014இல் வாங்கியது: ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கேபினெட் அரை அடி முங்கியது. காயவைத்துப் போட்டதும் ஓடிவிட்டது. முன்பக்க யூஎஸ்பி மட்டும் போய்விட்டது. இப்போது ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகிறது. தினமும் தேதி மாறிவிடுகிறது. சில நேரம் வேலைக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. எஸ்எஸ்டியும் ரேமும் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். தூக்கிப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம் சார்?

பதில்: எஸ்எஸ்டி வாங்குங்கள். ரேம் வாங்காதீர்கள். அதற்கும் முன்னால், இன்றைக்கே உங்கள் டிசைன்களையும் தமிழ் எழுத்துருக்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள். மெஷின் நடுவில் நிற்பதற்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கே காரணமாக இருக்கலாம். எழுத்துரு இல்லாமல் டிசைன் மட்டும் மிஞ்சினால் பத்திரிகையில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

தேதி மாறுவதற்குப் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். ஆன் ஆகத் தாமதமாவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கால்தான். அதன் ஊசி சுழலும் தட்டில் ஒவ்வொரு துணுக்காகத் தேடிப் போக வேண்டும்; ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் பத்து மில்லி செகண்ட் ஆகும். விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கில் தேடுகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு சும்மா இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எனக்குக் கவலை அந்த முன்பக்க யூஎஸ்பிதான். அதன் ஒயர் சொருகும் இடம் பெரும்பாலான போர்டுகளில் கீழ் ஓரத்தில் இருக்கும். நீங்கள் சொல்லும் அரை அடிக் கணக்கு அந்த இடத்துக்குத்தான் வருகிறது. ஆற்று வெள்ளம் வெறும் தண்ணீர் அல்ல. வண்டலையும் உப்பையும் சாக்கடையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. ஈரம் காய்ந்தாலும் அந்தப் படிவு இணைப்புக் கால்களின் இடுக்கில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, மின்சாரம் ஓட ஓடச் செம்பை அரிக்கும். ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் சொருகும் இடமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கேபினெட்டைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அந்த போர்டை நம்பி முகூர்த்த மாசத்து ஆர்டர்களை எடுப்பது ஆபத்து.

ரேம் வேண்டாம் என்பது இதனால்தான். உங்கள் போர்டு டிடிஆர்3. அந்த ரேம் இன்றைய மெஷின் எதிலும் உட்காராது, போர்டு போகும் நாளில் அந்தப் பணமும் போய்விடும். சாட்டா எஸ்எஸ்டியோ அடுத்த மெஷினுக்கும் கூடவே வரும்.

அந்த அடுத்த மெஷினை அதிக நாள் தள்ளிப்போடவும் வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டன. உங்கள் ஐ3, விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் பென்டிரைவும் வந்துபோகும் கடையில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. புத்தம் புதிதுதான் வேண்டும் என்பதில்லை. கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் அல்லது ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப், 8 ஜிபி ரேமோடு, வாரண்டி எழுதிக் கொடுப்பவரிடம் கிடைத்தால் டிடிபிக்குத் தாராளம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதனால் பணம் கொடுக்கும் முன் உங்கள் பத்திரிகை ஒன்றை அந்த மெஷினில் திறந்து, அச்சடித்தும் பாருங்கள்.

பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட வேண்டாம். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முன்பே கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பல வருஷத்து வாடிக்கையாளர்களின் ஆதாரும் பான் கார்டும் இருக்கும்.