பதில் சொல்லலைன்னா சம்மதமா?



எங்க பறவை பார்க்கும் மன்றத்துல போன மாசம் ஒரு கேள்வி வந்தது. நாங்குநேரிப் பக்கம் இருக்கிற கூந்தன்குளம் போகலாமா, பக்கத்துல மணிமுத்தாறு அணைக்குப் போகலாமா? முன்னெல்லாம் கை தூக்கச் சொல்லுவாங்க. இந்தத் தடவை இணையத்துல ஒரு படிவம் போட்டு, வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. மறுநாள் காலையிலேயே "கூந்தன்குளம்"னு முடிவாயிட்டு. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். என் தோழி ஒருத்தி மட்டும் பேசாம இருந்தா.

"ஏட்டி, நீ எதுக்குப் போட்ட?"ன்னு கேட்டேன்.

"நான் எங்க போட்டேன்? வீட்டுல ஒரே போன். அப்பா வேலைக்குக் கொண்டு போயிருவாங்க. அவ்வளவு தூரத்துக்கு வேன் காசும் கூட ஆகும். மணிமுத்தாறுன்னா நானும் வந்திருப்பேன்லா" என்றாள்.

அப்போதான் யோசித்தேன். ஒரு மன்றத்தில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். 18 பேர் பதில் போடுகிறார்கள். 11 பேர் ஒரு பக்கம், 7 பேர் மறுபக்கம். 11 தான் பெரும்பான்மை என்போம். ஆனால் வாயே திறக்காதவர்கள் 22 பேர்! அவர்கள்தானே உண்மையில் பெரும்பான்மை?

இது நமக்கு மட்டும் வந்த தவறு இல்லை. 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை, அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தபால் அனுப்பிக் கேட்டது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஜெயித்ததோ ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-இல்! ஏன் இப்படி ஆயிற்று? அவர்கள் முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? வசதியானவர்களிடம்தான். பதில் போடாதவர்களின் மனசும் தெரியவில்லை. ஆக, எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரை விட்டுவிட்டோம் என்பதே முக்கியம்.

அப்படியானால் இணையமே வேண்டாமா? அப்படி இல்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பல நாட்டுத் தமிழர்கள் ஆர்வத்தால் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். அவர்கள் கூடிப் பேசும் பக்கத்தின் பெயர் 'ஆலமரத்தடி'! அங்கே ஒருவர் யோசனை சொன்னால் மற்றவர்கள் ஆதரவா, எதிர்ப்பா என்பதோடு காரணத்தையும் எழுதுவார்கள். எழுதியது அழியாமல் இருக்கும். நேற்று வராதவரும் நாளைக்குப் படித்துப் பார்க்கலாம். வெறும் கை தூக்கலில் இந்த வசதி இல்லையே!

அதனால் நாம் செய்ய வேண்டியவை:

1. ஒரே நாளில் மூடாமல் ஒரு வாரமாவது நேரம் கொடுக்க வேண்டும்.
2. போன் இல்லாதவர்களுக்கு அதே கேள்வியைத் தாளில் கொடுக்க வேண்டும்.
3. "ஏன்?" என்று எழுத இடம் விட வேண்டும். காசு இல்லை என்று பெயர் போட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும். பெயர் எழுதாமலும் சொல்ல விட வேண்டும்.
4. முடிவோடு, எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும்.

இதை எங்கள் பொறுப்பாசிரியரிடம் சொன்னோம். "சரிதான், மறுபடி கேட்போம்" என்றார்கள். இந்த ஏட்டுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி தொங்குகிறது, பாருங்கள். மன்றத்தில் இருக்கிற எல்லாரும் வெள்ளிக்கிழமைக்குள் சீட்டு எழுதிப் போடுங்க. என் தோழி முதல் சீட்டைப் போட்டுவிட்டாள்!

பேசாதவரையும் கேட்போம்! பிறகு முடிவெடுப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி