அவரவர் மூச்சுக்கு ஏற்ற ஓட்டம்



2023 சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஐந்து கிலோமீற்றர் மரதன் ஓட்டத்திற்குப் பேர் கொடுத்த எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினோம். ஒரு நாளாவது ஓடிப் பார்த்தீர்களா என்று யாரிடமும் கேட்கவில்லை. நல்ல வாட்டசாட்டமான தம்பி ஒருவர் முதல் ஆளாகப் பறந்தார். ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில் தலைசுற்றி விழுந்துவிட்டார். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று அவருடைய அம்மா எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

தாக்குப்பிடிக்கும் சக்தி ஒரே நாளில் வருவதில்லை. அடுத்தவரைப் பார்த்து ஓடினாலும் வருவதில்லை. அவரவர் அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் வரும்.

செருப்புத் தொழிற்சாலைக்காரர் காட்டிய வழி

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். 1917இல் பிறந்தவர். பெரிய படிப்பாளி அல்ல. செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பால் விநியோகமும் செய்தார். தனக்கு நல்ல உடம்பு என்று நினைத்திருந்தவர், ஒருநாள் நண்பரோடு ஐந்து மைல் ஓடி இளைத்துப்போனார். அதன் பிறகு எவ்வளவு ஓடலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்று பல வருடம் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். பிறகு ஒக்லாந்தில் தன் வட்டாரத்துப் பையன்களைப் பழக்கினார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் பழக்கிய இருவர் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீற்றரில் பீட்டர் ஸ்னெல், 5000 மீற்றரில் மரே ஹல்பேர்க். ஹல்பேர்க்குக்கு ரக்பி விளையாட்டில் அடிபட்டு இடது கை செயலிழந்திருந்தது. கை போனால் ஓட்டமும் போயிற்று என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

லிடியார்ட் அதோடு நிற்கவில்லை. வயதானவர்களையும் இருதய நோய் வந்தவர்களையும்கூட மெதுவாக ஓடப் பழக்கினார். அவர் சொன்ன அளவுகோல் சுலபமானது: ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். இதற்கு மணிக்கூடும் வேண்டாம், மெசினும் வேண்டாம்.

"நாள் முழுக்க மலை ஏறுறோமே ஐயா!"

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் எங்களிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. கூடையோடு மலை ஏறி இறங்கும் உங்கள் கால்களுக்குப் பலம் இருக்கிறது. ஆனால் கொழுந்தெடுப்பது நின்று நின்று செய்யும் வேலை. விடாமல் 20 நிமிடம் ஒரே சீராகப் போவது இருதயத்திற்கும் மூச்சுக்கும் வேறு பழக்கம். ஆகவே ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும்:

1. மலை வேலை செய்பவர்கள்: வாரத்தில் இரண்டு நாள், 15 நிமிடம் போதும். உடம்பு அலுத்துப்போன நாளில் ஓய்வுதான் பயிற்சி.

2. ஒபிசிலும் ஸ்டோரிலும் அதிகம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்: வாரத்தில் மூன்று நாள். முதலில் வேக நடை மட்டும்.

3. வயதானவர்கள், சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள்: டிஸ்பென்சரியில் கேட்டுவிட்டு, சமதரையில் 10 நிமிட நடையில் தொடங்குங்கள். கர்ப்பிணித் தாய்மார் மருத்துவமாதுவைக் கேளுங்கள்.

4. கால் ஊனமானவர்கள்: உங்களுக்கு முடிந்த தூரமே உங்கள் போட்டி. போன வாரத்தை விடக் கொஞ்சம் கூடினால் வெற்றிதான்.

எட்டு வாரக் கணக்கு

முதல் இரண்டு வாரம்: வேக நடை, 15 முதல் 20 நிமிடம்.
3ஆம், 4ஆம் வாரம்: ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை.
5ஆம், 6ஆம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு தடவை.
7ஆம், 8ஆம் வாரம்: ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மூன்று தடவை.

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வயதானவர்களும் வருத்தக்காரரும் நடையோடு நின்றாலும் பலன் உண்டு. நெஞ்சுவலி, தலைசுற்று, கண் இருட்டு வந்தால் உடனே நிறுத்துங்கள். "சமாளிச்சிரலாம்" என்று ஓட வேண்டாம்.

இரத்தம் குறைந்தால் மூச்சும் குறையும்

கொஞ்ச தூரம் ஏறியதும் மூச்சு வாங்கினால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். இரத்தசோகையாக இருக்கலாம். நம் பெண்களில் பலருக்கு இது இருக்கிறது. முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். கீரை, பருப்பு, நெத்தலி சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது?

பெரட்டுக்குப் போக முன் சமையல், வேலை முடிந்தால் விறகு, தண்ணீர், பிள்ளைகள். பெண்களுக்கு 15 நிமிடம் தானாகக் கிடைக்காது; வீட்டில் ஒருவர் கொடுத்தால்தான் கிடைக்கும். ஆகவே ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு பின்னேரம் தண்ணீர்க் குடத்தை நீங்கள் எடுங்கள். அதுவும் உங்களுக்கு நல்ல பயிற்சிதானே!

அடுத்த சித்திரைப் போட்டிக்குத் தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் நேரம் தாராளமாக இருக்கும். இனிமேல் பேர் எழுதும்போது எத்தனை வாரம் பழகினீர்கள் என்று கேட்போம். நடப்பவர்களுக்குத் தனிப் போட்டியும் வைப்போம். கோபிக்க வேண்டாம். போனவர் எல்லோரும் சுகமாகத் திரும்பி வரவேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது.

வீட்டில் பேசிப் பார்க்க:
1. நம் வீட்டில் யாருக்கு எந்தக் கணக்குப் பொருந்தும்?
2. ஓடும்போது வேகம் கூடிவிட்டது என்று எப்படி அறிவது?
3. அம்மாவுக்கு அந்த 15 நிமிடத்தை யார் கொடுப்பது?